கார் கண்ணாடிக்கு செக்யூரிட்டி பிலிம்: 8 மில் தேவையா?

கேள்வி: கோவையில் அலுவலகத்துக்கு வெளியே தெருவோரம் நிறுத்தியிருந்தேன். பின்கதவுக் கண்ணாடியை உடைத்து லேப்டாப் பையை எடுத்துப் போய்விட்டார்கள். கண்ணாடி மாற்றப் போன கடையில், ‘எல்லாக் கண்ணாடியிலும் 8 மில் செக்யூரிட்டி பிலிம் ஒட்டுங்கள் மேடம், சுத்தியலால் அடித்தாலும் உடையாது’ என்கிறார்கள். ஒட்டலாமா? போலீஸ் பிடிக்குமா?

பதில்: அந்த ‘உடையாது’வை முதலில் மறந்துவிடுங்கள். செக்யூரிட்டி பிலிம் என்பது கண்ணாடியின் உட்புறம் ஒட்டும் பிளாஸ்டிக் படலம்; ‘மில்’ அதன் தடிமன் அளவு. அதை ஒட்டினாலும் கண்ணாடி உடையும். உடைந்தது உதிராமல் நிற்கும், அவ்வளவுதான். ஆனால் அதுவே பெரிய விஷயம்.

கதவுக் கண்ணாடி பெரும்பாலும் டெம்பர்டு வகை. சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துச் செய்வதால் அதன் மேற்பரப்பு இறுகியும் உள்ளே இழுபட்டும் இருக்கும். கூரான முனை ஓரிடத்தில் ஆழப் பட்டுவிட்டால் மொத்தமும் கல்கண்டுபோல் நொறுங்கிவிடும். புதுப்பேட்டையில் வாங்கிய பழைய கதவுகள் இரண்டை வைத்து நானே அடித்துப் பார்த்திருக்கிறேன். பிலிம் இல்லாத கதவில் ஒரே அடி. கை நுழைய வழி வந்துவிட்டது. உட்புறம் 4 மில் பிலிம் ஒட்டிய கதவில் முதல் அடிக்குக் கண்ணாடி முழுக்க வெளுத்தது, ஆனால் அப்படியே நின்றது. நாலைந்து அடிக்குப் பிறகுதான் விரல் நுழையும் ஓட்டை. அதை விட்டுவிட்டு மேல் மூலையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். ஈரப் போர்வை மடிவதுபோல் மொத்தமும் மடிந்து உள்ளே சரிந்தது.

பிலிமின் பலவீனம் அந்த மேல் ஓரம்தான். கட்டடங்களில் பிலிமின் விளிம்பை சீலன்ட் போட்டுச் சட்டத்தோடு பிணைத்துவிடுவார்கள். ஏறி இறங்கும் கார் கண்ணாடியில் அது முடியாது. கடைக்காரர் ‘ஈஎன் 356 சான்றிதழ்’ என்று காட்டினால் அதுவும் இந்தக் கதைதான். அது ஐரோப்பியத் தரநிலைப்படி 4.11 கிலோ இரும்புக் குண்டைப் போட்டுச் செய்யும் சோதனை. கண்ணாடியை நாலு பக்கமும் சட்டத்தில் இறுக்கிவிட்டுத்தான் போடுவார்கள். உங்கள் கார் கதவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆகவே தடிமனுக்குக் காசைக் கொட்டாதீர்கள். ஒரு மில் என்றால் சுமார் 25 மைக்ரான். சாதாரண கூலிங் பேப்பர் 2 மில்லுக்குள் இருக்கும்; 4 மில் சுமார் 100 மைக்ரான், 8 மில் 200. ஏறி இறங்கும் கண்ணாடியில் 8 மில் ஒட்டினால் ரப்பர் பீடிங்கில் உரசி ஓரம் கிளம்பும். வளைந்த பின் கண்ணாடியில் சுருங்கிப் படியவும் மறுக்கும். பசையால் பாடியோடு ஒட்டியிருக்கும் சின்ன மூலைக் கண்ணாடிக்கு வேண்டுமானால் 8 மில் பொருந்தும். கதவுகளுக்கு 4 மில், நிறமில்லாத தெளிவான பிலிம். முன் கண்ணாடிக்கு எதுவும் வேண்டாம். அது லேமினேட்டட், இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஏற்கெனவே ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கிறது.

இனி போலீஸ் விஷயம். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடிகளில் எந்த அளவிலும் கறுப்பு பிலிம் ஒட்டக் கூடாது என்றது. இசட், இசட் பிளஸ் பாதுகாப்பு உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு. பிறகு மத்திய மோட்டார் வாகன விதி 100 திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் 1 முதல் ‘சேஃப்டி கிளேசிங்’ அனுமதிக்கப்பட்டது. உட்புறம் பிளாஸ்டிக் படலம் ஒட்டிய கண்ணாடியும் இதில் அடங்கும். 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் இதை எடுத்துக்காட்டி, அளவுக்கு உட்பட்ட பிலிமுக்கு அபராதம் போடக் கூடாது என்றது. முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். ஆனால் வாளையாறு எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள தமிழக போலீஸை அந்தத் தீர்ப்பு நேரடியாகக் கட்டுப்படுத்தாது. நிறுத்தினால் வாதாட வேண்டிவரலாம். பிலிம் தெளிவாக இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

இந்தச் சதவீதக் கணக்கில் ஒரு ஏமாற்று உண்டு. ‘பிலிம் 60 சதவீதம் மேடம், சட்டப்படி சரிதான்’ என்பார்கள். அளவு பிலிமுக்கு மட்டும் இல்லை, கண்ணாடியும் பிலிமும் சேர்ந்ததற்கு. கம்பெனியிலிருந்து வரும் லேசான பச்சைக் கண்ணாடி 75 சதவீதம் விடுகிறது என்று வையுங்கள். அதில் இந்த பிலிமை ஒட்டினால் மிஞ்சுவது 45. அதே கண்ணாடியில் 88 சதவீதத் தெளிவான பிலிம் என்றால் 66 வரும். பக்கத்துக்கு அது தாராளம். பின் கண்ணாடிக்கு உதைக்கும். பின்னால் டீஃபாகர் (கண்ணாடியில் படியும் மூட்டத்தை நீக்கும்) கம்பிகள் வேறு இருந்தால், பிலிமை ஒருநாள் உரிக்கும்போது அவையும் சேர்ந்து வரலாம். பின் கண்ணாடியை விட்டுவிடுங்கள். உலோகப் பூச்சுள்ள பிலிமும் வேண்டாம். மொபைல், ஜிபிஎஸ் சிக்னல் பலவீனமாகும்.

ஒட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். கீழ்ப்பக்கம் பீடிங் ரப்பருக்கு மேலேயே பிலேடால் நறுக்கிவிட்டால் வேலை பாதிதான். பிலிம் ரப்பருக்குக் கீழே, கதவுக்குள் இறங்க வேண்டும். அதற்கு டோர் பேடை (கதவின் உட்பக்கப் பலகையை)க் கழற்றவும் வேண்டியிருக்கும். ‘எதுக்கு மேடம், டைம் ஆகும்’ என்றால் வேறு கடை பாருங்கள். மேல் ஓரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விடக் கூடாது.

ஒட்டியபின் ஒரு வாரம் கண்ணாடியை இறக்காதீர்கள். உள்ளே சிக்கிய சோப்புத் தண்ணீர் பால்போல் திட்டுத்திட்டாகத் தெரியும். தானே காயும், ஊசியால் குத்த வேண்டாம். துடைக்க அமோனியா கலந்த திரவமும் கூடாது.

கடைசியாக, கடைக்காரர் சொல்லாத ஒன்று. திருடனைத் தடுக்கும் பிலிம் உங்களையும் தடுக்கும். மழையில் லங்கா கார்னர் சுரங்கப்பாதையில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். காரோடு அங்கே சிக்கினால் பக்கக் கண்ணாடிதான் வெளியேறும் வழி; பிலிம் ஒட்டியிருந்தால் சுத்தியலால் தட்டினாலும் உதிராது, மிதித்துத் தள்ள வேண்டும். அதனால் என் காரில் ஓட்டுநர் பக்கக் கண்ணாடிக்கு மட்டும் பிலிம் ஒட்டவில்லை. அவசரச் சுத்தியல் அந்தக் கதவுப் பையிலேயே கிடக்கிறது. அந்த வழியாகத் திருடன் வரலாமே என்பீர்கள். வரலாம். லேப்டாப்பை நான் காரில் விட்டுவிட்டுப் போவதில்லை.