சீனாவில் வெளிநாட்டினருக்கும் கிறிஸ்தவர்களுக்கும் எதிராகப் பாக்ஸர்கள் என்ற குழுவினர் நடத்திய பாக்ஸர் கலவரம் வரப்போவதை, பீக்கிங்கில் (இன்றைய பெய்ஜிங்) இருந்த வெளிநாட்டுத் தூதர்கள் முன்கூட்டியே சொல்லவில்லையா?

சொன்னார்கள், ஆனால் அரைகுறையாக. 1900 மே மாதம் கத்தோலிக்க ஆயர் ஃபாவியே பிரெஞ்சுத் தூதருக்குக் கடிதம் எழுதி, நிலைமை கைமீறுகிறது, காவலுக்குப் படை வேண்டும் என்று கெஞ்சினார். பிரிட்டிஷ் தூதர் கிளாட் மெக்டொனால்டோ, நாலு நாள் நல்ல மழை பெய்தால் ஊர் அடங்கிவிடும் என்ற பாணியில் லண்டனுக்கு எழுதினார். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் அதில் பாதி உண்மை: வட சீனாவில் கடும் வறட்சி, வயலில் வேலையில்லாத இளைஞர்கள்தான் பாக்ஸர்களிடம் திரண்டார்கள். மழைதான் வரவில்லை.

ஜூனில் தந்திக் கம்பிகள் அறுபட்டன. ஜூன் 20 அன்று ஜெர்மன் தூதர் கெட்டலர் தெருவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார், வெளிநாட்டுத் தூதரகங்கள் மீதான முற்றுகையும் தொடங்கியது. அதன்பின் வெளியே போனது வதந்திதான். வெளிநாட்டினர் எல்லோரும் கொல்லப்பட்டதாக ஜூலை 16 அன்று லண்டன் டெய்லி மெயில் அச்சடித்தது. டைம்ஸ் உயிரோடு இருந்த மெக்டொனால்டுக்கே இரங்கல் குறிப்பு போட்டது!

நான்கு நாள் கழித்து அமெரிக்கத் தூதர் காங்கரின் சங்கேதத் தந்தி வாஷிங்டனை எட்டியது. வாஷிங்டனில் இருந்த சீனத் தூதர் வூ டிங்ஃபாங் வழியாக வந்ததால் பலர் அதை நம்பவில்லை. சோதிக்க, காங்கரின் சகோதரி பெயரைக் கேட்டு அனுப்பினார்கள். சரியான பெயர் திரும்பி வந்தது. வெளிநாடுகளின் மீட்புப் படை பீக்கிங்கினுள் நுழைந்தது ஆகஸ்ட் 14இல்.