யூட்டாவுல காட்டன்வுட் கேன்யன் மண் ரோட்ல நம்ம கார்லயே போகலாமா?

காஞ்சு கெடந்தா போகலாம். மழை பெஞ்சிருந்தா எந்த வண்டியிலயும் போகாதீங்க. ஜீப் வச்சிருக்கவங்க உடனே சண்டைக்கு வந்துடாதீங்க, முழுசா படிச்சுட்டு சொல்லுங்க.

நீங்க கேக்கறத பாத்தா பிரைஸ் கேன்யன் முடிச்சுட்டு அரிசோனாவுல இருக்கற பேஜ் ஊருக்கு போற பிளான்னு நெனக்கிறேன். மேப்ல பிரைஸ் பக்கத்துல இருக்கற கேனன்வில்ங்கற சின்ன ஊர்லேருந்து 89 ஹைவேக்கு நேரா தெக்க எறங்குற ஒரு கோடு தெரியும், கனாப் ஊரு வழியா சுத்தி போறத விட கிட்டன்னு தோணும். மொத்தம் ஒரு 46 மைல், கோடக்ரோம் பேசின்ங்கற பார்க் தாண்டினதும் தார் முடிஞ்சுடும், அதுக்கப்புறம் மண்ணுதான், போன் சிக்னலும் மறந்துடணும். அங்க வண்டிய விட மொதல்ல பாக்க வேண்டியது மண்ண. பென்டோனைட் களிமண் கலந்த ரோடு அது.

இத எனக்கு சொன்னது எங்கப்பா. விளாத்திகுளம் பக்கம் கரிசக்காட்டுல பருத்தியும் கம்பும் போட்டவரு. எங்க கூட வந்து இருந்தப்ப அந்த ரோட்ல கூட்டிட்டு போனேன். குரோவ்னர் ஆர்ச்ல நிறுத்தினோம், ஒட்டினாப்ல ரெண்டு பாறை வளைவு, சுமார் 150 அடி ஒசரம், நேஷனல் ஜியாகிராஃபிக் தலைவரா இருந்த கில்பர்ட் குரோவ்னர் பேர வச்சிருக்காங்க. கொஞ்சம் தள்ளி ரோட்டோரத்துல சாம்பல் கலர்ல, மேலாக்க சோளப்பொரி மாதிரி பொரிஞ்சு கெடந்த மண்ண பாத்துட்டு அப்பா குத்தவச்சு ஒக்காந்துட்டாரு. ஒரு கை அள்ளி, பாட்டில் தண்ணி ரெண்டு சொட்டு விட்டு, கட்ட வெரலால தேச்சாரு. மண்ணு வெரல விட்டு வரவே இல்ல, சட்டையில தொடைச்சும் போகல. "ஏய்யா, இது நம்ம கரிசலுக்கு சொந்தம்லா. ஒரு மழ விழுந்தா மாட்டுவண்டியே நகராது, இதுல போயி கார விடப்போறியா?"ன்னாரு. மேக்க பாத்தா வானம் கருத்து கெடக்கு. ஒடனே வண்டிய திருப்பிட்டேன்.

அப்புறம் படிச்சு பாத்தா அவர் சொன்னது அப்படியே சரி. கரிசல்லயும் பென்டோனைட்லயும் இருக்கறது மான்ட்மோரில்லோனைட்ங்கற அதே தாது, தண்ணிய குடிச்சா உப்பும், காஞ்சா வெடிக்கும். ஈரமா இருக்கறப்ப டயர் பட்டன் இடுக்கெல்லாம் களி அடைச்சு டயர் வழவழன்னு ஆயிடும், நாலு சக்கரமும் சுத்தினாலும் பிடிப்பு கெடைக்காது, அதனாலதான் ஃபோர் வீல் டிரைவ் இருக்குன்னு தைரியப்படாதீங்கங்கறேன். ஓட்டத் தெரியாதவன் பேசறான்னு யாராச்சும் கமென்ட் போடுவீங்க, போடுங்க. எங்க வாட்ஸ்அப் குரூப்லயும் இவ்ளோ பெரிய எஸ்யூவிய வச்சுக்கிட்டு பயந்து வந்துட்டியான்னுதான் கேட்டாங்க.

அத விட எனக்கு ஆறாதது வேற ஒண்ணு. அதே குரூப்ல ஒருத்தர், "வயசானவங்கள ஏன்பா பாறை பாக்க இழுத்துட்டு போற, அவங்களுக்கு என்ன புரியும்"னாரு. ஊர்லேருந்து வர்ற அப்பா அம்மாவ ஆறு மாசம் பேரப்புள்ளைய பாத்துக்க வச்சுட்டு, கோயில், காஸ்ட்கோ, ஒரு நயாகரான்னு காட்டி அனுப்பிடறோம். ஆயுசு பூரா மண்ணோட கெடந்தவங்களுக்கு மண்ணு புரியாதா? கூட போன எல்லாரையும் விட அன்னைக்கு அந்த எடத்த சரியா பாத்தவரு அவருதான்.

சரி, ரோட்டுக்கு வரேன். மறு வருஷம் நல்லா காஞ்சிருந்தப்ப முழுசும் ஓட்டினேன், அப்பா ஊருக்கு போயிட்டாரு, அதான் வருத்தம். காட்டன்வுட் நேரோஸ்ங்கற குறுகலான பாறை இடுக்குல எறங்கி கட்டாயம் நடங்க, ரெண்டு பக்கமும் நவாஹோ மணல்பாறை செவுரு, ஒன்றரை மைல் போல நடை, வெயிலே உள்ள எறங்காத எடமெல்லாம் இருக்கு. தெக்க போகப்போக காக்ஸ்கோம்ப்ங்கற சாஞ்ச பாறை முகடு கூடவே வரும், செவப்பு, வெள்ள, சாம்பல்னு அடுக்கடுக்கா. அங்கதான் யாரோ ஈரத்துல ஓட்டிட்டு போன தடம் அப்படியே காஞ்சு கல்லாயிருந்துச்சு, எங்க வண்டி அடி ரெண்டு தடவ தட்டுச்சு. ரோட்ட சமப்படுத்தற கிரேடர் மெஷின் வந்து வழிக்கற வரைக்கும் அது அப்படியேதான் கெடக்கும், தாழ்வான கார்னா அங்க கஷ்டம்.

வாடகை காருன்னா அக்ரிமென்ட்ட படிங்க, நெறைய கம்பெனி மண் ரோட்டுக்கு விடறதில்ல, மாட்டினா டோ வண்டி செலவு முழுக்க உங்க தலையிலதான். ஜூலைலேருந்து செப்டம்பர் வரைக்கும் மத்தியான மழை சீசன், வேற எங்கயோ பெஞ்சாலும் காஞ்ச ஓடையில திடீர்னு வெள்ளம் வரும். அன்னைக்கு காலைலயே கேனன்வில் விசிட்டர் சென்டர்ல ரோடு எப்படி இருக்குன்னு கேளுங்க, டேங்க ரொப்பிக்கிட்டு வடக்குப் பக்கமிருந்தே ஆரம்பிங்க, ஏன்னா ஆர்ச் வரைக்கும் மண் ரோடு பத்து மைல் சொச்சம்தான், மேகம் கூடிச்சுன்னா நனையறதுக்குள்ள திரும்பி தார் ரோட்டுக்கு வந்துடலாம்.