வகுப்பறைக் கேள்வி – பதில்: ஒரு பருவத்திற்கு ஒரு நாவல்

தொடக்கப்பள்ளியில் சிறார் நாவல்களைக் கொண்டு வாசித்துப் புரிந்துகொள்ளவும் எழுதவும் கற்பிப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: வணக்கம் அம்மா. என் ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் தமிழ்ப் பாடத்தைத் தடங்கலின்றி வாய்விட்டுப் படிக்கிறார்கள். பாடத்தின் கீழுள்ள வினாக்களுக்கும் சரியாக விடை எழுதுகிறார்கள். ஆனால் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, ‘என்ன படித்தாய், சொல்’ என்றால் விழிக்கிறார்கள். நாவல் வாசித்தால் இது மாறிவிடுமா?
— ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பெரும்பாலும் சீரானது. அதனால் எழுத்துகளை நன்கு பழகிவிட்ட குழந்தை, பொருள் தெரியாத பத்தியைக்கூடத் தடங்கலின்றி ஒலித்துவிடும். கேட்பவருக்கு அது புரிந்து படிப்பதுபோலவே தோன்றும். பாடத்தின் கீழுள்ள வினாக்களும் இந்தக் குறையை வெளிக்காட்டுவதில்லை. வினாவில் இருக்கும் சொல் பத்தியில் எங்கே வருகிறது என்று தேடிப் பிடித்து, அந்த வரியை அப்படியே பார்த்து எழுதினால் முழு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது.

எடுத்துக்காட்டுக்காகச் சில வரிகளை நாமே எழுதிக்கொள்வோம். ‘மழை இருட்டிக்கொண்டு வந்தது. செல்வி கொடியில் கிடந்த சீருடையை எடுத்துவந்து அடுப்பங்கரையில் காயப்போட்டாள். பாட்டி அரிசிப் பானையைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் மூடினாள். சற்று நேரம் கழித்து, எனக்குப் பசிக்கவில்லை, நீ சாப்பிடு என்றாள்.’ செல்வி சீருடையை எங்கே காயப்போட்டாள் என்று கேட்டால் வகுப்பே கை தூக்கும். பாட்டிக்கு உண்மையிலேயே பசிக்கவில்லையா என்று கேட்டுப் பாருங்கள். அதற்கான விடை எந்த வரியிலும் எழுதப்படவில்லை. பானையைத் திறந்ததையும், பேசாமல் மூடியதையும், பிறகு சொன்னதையும் குழந்தை தன் மனத்தில் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படிச் சேர்த்துப் பார்ப்பதைத்தான் நான் புரிதல் என்று கொள்கிறேன். செல்விக்கு வேறு சீருடை கிடையாது என்று ஒரு குழந்தை சொல்லக்கூடும். சரி, தவறு என்று உடனே தீர்ப்புச் சொல்லாமல், ‘எதை வைத்துச் சொல்கிறாய்?’ என்று கேளுங்கள். குழந்தை மீண்டும் அந்த வரிக்குப் போகும். அந்த மறுவாசிப்புதான் நமக்கு வேண்டியது.

இதைப் பாடநூலில் உள்ள ஒரு பக்கக் கதையை வைத்தும் செய்யலாம். ஆனால் பாத்திரங்களோடு குழந்தைக்கு நெருக்கம் உண்டாவதற்குள் அந்தக் கதை முடிந்துவிடுகிறது. நாவலில் இரண்டாம் அத்தியாயத்தில் பாட்டி மறைத்தது ஏழாம் அத்தியாயத்தில் வெளிப்படும்போது, முன்பு தான் நினைத்திருந்ததைக் குழந்தை திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. நேற்றுப் படித்ததை நினைவில் வைத்திருக்க அதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கிறது, ஊகம் பொய்த்தால் வியக்கிறது. புத்தகத்தை மூடிய பிறகும் பேச அதனிடம் விஷயம் இருக்கிறது.

நாவலை வகுப்பில் கொடுத்துவிட்டால் மட்டும் மாற்றம் வந்துவிடாது. நீங்களே உரக்க வாசியுங்கள். ஓர் அத்தியாயத்தில் இரண்டு இடங்களுக்கு மேல் நிறுத்தாதீர்கள். இங்கிலாந்தின் ஆசிரியரும் சிறார் எழுத்தாளருமான எய்டன் சேம்பர்ஸ், குழந்தைகளோடு புத்தகம் பற்றிப் பேசுவதற்கு நான்கு அடிப்படை வினாக்களை வகுத்திருக்கிறார்: பிடித்தது எது, பிடிக்காதது எது, புரியாமல் குழப்பியது எது, திரும்பத் திரும்ப வந்தது அல்லது வேறொன்றோடு தொடர்புடையதாகத் தோன்றியது எது. ‘ஏன் பிடித்தது’ என்று கேட்டால் குழந்தை தன்னை விசாரிப்பதாக எண்ணி வாயடைத்துப்போகும் என்பதால், ‘அதைப் பற்றிச் சொல்லேன்’ என்று தொடங்கச் சொல்கிறார் அவர். நான்கில் மூன்றாவது வினாவையே நான் மிகவும் மதிக்கிறேன். ‘எனக்கு இது புரியவில்லை’ என்பதைக் குழந்தை கூச்சமின்றிச் சொல்லும் வகுப்பில்தான் புரிதலைக் கற்பிக்க முடியும். வினாவைக் கேட்டபின் சற்றுப் பொறுத்திருங்கள். முதலில் கை தூக்கும் அதே இரண்டு பேரை மட்டும் பேசவிட்டால் மற்றவர்கள் யோசிப்பதையே விட்டுவிடுவார்கள்.

கேள்வி: எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. நான்காம், ஐந்தாம் வகுப்பினர் ஒரே அறையில் இருக்கிறார்கள். பாதிப் பேருக்குச் சொற்களைக் கூட்டிப் படிக்கவே வரவில்லை. இவர்களிடம் நாவலைக் கொண்டுபோவது பொருத்தமா?
— தலைமையாசிரியர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: பொருத்தம்தான். ஆனால் இரண்டு வேலைகளைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும். வாசித்துப் புரிதல் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனும், மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனும் ஒன்றோடொன்று பெருக்கப்பட்டுக் கிடைப்பது என்று ஃபிலிப் கௌ, வில்லியம் டன்மர் என்னும் இரு ஆய்வாளர்கள் 1986-இல் விளக்கினார்கள். இது பெருக்கல் என்பதால் இரண்டில் ஒன்று சுழியானாலும் விடை சுழிதான். சொற்களைக் கூட்டிப் படிக்க வராத குழந்தைக்கு நாவலைக் கேட்பதால் மட்டும் எழுத்து வந்துவிடாது. தமிழக அரசு 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் நீங்கள் செய்யும் எழுத்துப் பயிற்சி அவர்களுக்கு நாள்தோறும் தொடர வேண்டும். ஆனால் எழுத்து வரும்வரை கதையே வேண்டாம் என்று நிறுத்திவைத்தால், அந்த ஓரிரு ஆண்டுகளில் சொல்வளத்திலும் உலக அறிவிலும் அவர்கள் மேலும் பின்தங்கிவிடுவார்கள்.

ஆகவே நாவல் நேரத்தில் அவர்களை வேறு வேலைக்கு அனுப்பாதீர்கள். காதால் கேட்ட கதையைப் பற்றி மற்றவர்களுக்கு நிகராக அவர்களாலும் பேச முடியும். பல நேரங்களில் இன்னும் கூர்மையாகப் பேசுவார்கள். நாளைய அத்தியாயத்தில் ஒரு பாத்திரம் பேசும் ஒரே ஒரு வரியை இன்றே தாளில் எழுதி அத்தகைய குழந்தையிடம் கொடுத்து, துணைக்கு ஒரு தோழனையும் சேர்த்துவிடுங்கள். மறுநாள் அந்த இடம் வரும்போது நீங்கள் வாசிப்பதை நிறுத்த, அந்தக் குழந்தை தன் வரியைப் படிக்கட்டும். வகுப்பு முழுவதும் காத்திருந்து கேட்கும் ஒரு வரி, தனியாக உட்கார்ந்து படிக்கும் பத்து வரிகளைவிட அந்தக் குழந்தைக்குப் பெரியது.

கேள்வி: எந்த நாவலைத் தேர்ந்தெடுப்பது? எங்கள் பள்ளியில் எதை வாங்கினாலும் ஒரே ஒரு படிதான் வாங்க முடியும்.
— ஆசிரியை, மதுரை

பதில்: முதல் நாவல் நூறு பக்கத்தைத் தாண்டாமல் இருக்கட்டும். ஓர் அத்தியாயத்தைப் பதினைந்து நிமிடத்துக்குள் உரக்க வாசித்துவிட முடிய வேண்டும். பன்னிரண்டு அத்தியாயம் உள்ள நூலை வாரத்துக்கு இரண்டு அத்தியாயமாக வாசித்தால் ஆறு வாரத்தில் முடிந்துவிடும். ஒரு பருவத்துக்குள் எழுத்து வேலைக்கும் காலம் மிஞ்சும். அரசின் வாசிப்பு இயக்கத்தில் ‘நுழை, நட, ஓடு, பற’ என்னும் நான்கு நிலைகளில் வந்த சிறு நூல்கள் பள்ளியில் இருக்கும். அவற்றில் பழகிய வகுப்பை நாவலுக்கு நகர்த்துவது எளிது.

நீங்கள் மதுரையில் இருப்பதால் ஒன்றைக் குறிப்பாகச் சொல்கிறேன். உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’, 2023-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற சிறார் நாவல். கீழடியைப் பின்புலமாகக் கொண்டது. கீழடி உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கு 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகமும் இருக்கிறது. நாவலைத் தொடங்குவதற்கு முன்பே குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். முடியாவிட்டால் படங்களையாவது காட்டுங்கள். அகழாய்வுக் குழியில் கிடைத்த பானையோடுகளில் ‘ஆதன்’ போன்ற பெயர்கள் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் கீறப்பட்டிருப்பதைப் பார்த்த குழந்தை, அந்தப் பெயர் நாவலில் வரும்போது வேறு விதமாக நிமிர்ந்து உட்காரும்.

இந்த முன்னறிவு வெறும் அலங்காரம் அன்று. அமெரிக்காவில் 1988-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு பேஸ்பால் ஆட்டத்தை வருணிக்கும் பகுதியை மாணவர்களிடம் வாசிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டத்தை நன்கு அறிந்திருந்தவர்கள், வாசிப்பில் தேர்ந்திருந்தும் ஆட்டத்தை அறியாதவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டு நினைவில் வைத்திருந்தார்கள். புரிதலின் பெரும்பகுதி, வாசிக்கப்படும் பொருளைப் பற்றி நாம் ஏற்கெனவே அறிந்திருப்பதில்தான் இருக்கிறது. கடல் பார்க்காத குழந்தைகளுக்கு மீனவச் சிறுவனின் கதையை வாசிக்கும் ஆசிரியர், கட்டுமரத்தையும் வலையையும் பற்றி ஒரு நாள் பேசிவிட்டுத்தான் முதல் பக்கத்தைத் திருப்ப வேண்டும்.

ஒரே படி இருப்பது தடையாகாது. நீங்கள் உரக்க வாசிக்கப் போகிறீர்கள். கூர்ந்து பார்க்க வேண்டிய நான்கைந்து வரிகளை மட்டும் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். முழு நூலையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்க வேண்டாம். தமிழில் சிறார் நாவல் எழுதுவோரும் பதிப்பிப்போரும் குறைவு. அவர்கள் நிலைத்திருக்கப் பள்ளிகள் படிகளை வாங்குவதே வழி. எந்த நாவலானாலும் வகுப்புக்கு எடுத்துச் செல்லுமுன் கடைசிப் பக்கம் வரை நீங்கள் படித்திருக்க வேண்டும். பிரிவு, மரணம், பாலியல் சீண்டல் போன்றவற்றைப் பேசும் நல்ல நாவல்கள் நம்மிடம் வந்திருக்கின்றன. அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அத்தியாயம் வரும் நாளில் யாரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ள வேண்டும் என்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: நாவலை வாசித்தபின் ‘கதைச் சுருக்கம் எழுதுக’ என்றால் நான்கு வரிக்கு மேல் யாரும் எழுதுவதில்லை. எழுதுவதும் பேச்சு வழக்கிலேயே இருக்கிறது. திருத்தித் தந்தால் நோட்டு முழுவதும் சிவப்பாகிவிடுகிறது. இதற்கு என்ன வழி?
— இடைநிலை ஆசிரியர், தென்காசி மாவட்டம்

பதில்: கதைச் சுருக்கம் பெரியவர்களுக்கே கடினமான எழுத்து. எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கத் தெரிந்தவரால்தான் அது முடியும். அதைக் கடைசிக்குத் தள்ளிவைத்துவிட்டு, குழந்தைக்குச் சொல்ல ஏதாவது இருக்கும் இடத்தில் தொடங்குங்கள். பாட்டி பானையை மூடிய அந்த இரவில் செல்வி தன் நாட்குறிப்பில் என்ன எழுதியிருப்பாள்? அதே காட்சியைப் பாட்டி தன் தங்கையிடம் எப்படிச் சொல்லியிருப்பாள்? அத்தியாயத்தைப் பாதியில் நிறுத்தி, அடுத்த அரைப் பக்கத்தை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். மறுநாள் நாவலாசிரியர் எழுதியதையும் அவர்கள் எழுதியதையும் அடுத்தடுத்து வாசியுங்கள். பாட்டியின் பார்வையில் எழுதும் குழந்தை, தனக்குத் தெரியாமலேயே அந்தக் காட்சியை மறுபடி ஆழ்ந்து படிக்கிறது. புரிதலும் எழுத்தும் அந்த இடத்தில் ஒரே வேலையாகிவிடுகின்றன.

இனி பேச்சு வழக்கு. நம் குழந்தை வீட்டில் பேசும் தமிழ் ஒன்று, எழுத வேண்டிய தமிழ் வேறு. இந்தத் தூரத்தை மைப் பேனாவால் கடக்க முடியாது. நல்ல சிறார் நாவல்கள் பலவற்றில் கதை சொல்லும் குரல் எழுத்து நடையிலும், பாத்திரங்களின் உரையாடல் பேச்சு நடையிலும் இருக்கும். இரண்டும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிற்பதைக் குழந்தைக்குக் காட்டுங்கள். ஒரு குழந்தை இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்: ‘பாட்டி பானைய தொறந்து பாத்துட்டு பசிக்கல நீ சாப்புடுன்னு சொல்லிட்டா.’ இதில் பிழைகளை வட்டமிட்டால் ஏழெட்டு வட்டங்கள் விழும். குழந்தை அதோடு பேனாவை மூடிவிடும். மாறாக, ‘இதில் பாட்டியின் வாயிலிருந்து வந்தது எது, நீ சொல்வது எது?’ என்று கேளுங்கள். பிரித்தபின் அந்த வரி இப்படி ஆகும்: பாட்டி பானையைத் திறந்து பார்த்தாள். “எனக்குப் பசிக்கல, நீ சாப்பிடு” என்றாள். பேச்சுத் தமிழுக்கு மேற்கோள் குறிக்குள் மதிப்பான இடம் கிடைத்துவிடுகிறது. அதற்கு வெளியே எழுத்து நடை வேண்டும் என்னும் விதியைக் குழந்தை தானாகவே கண்டுகொள்கிறது. வீட்டு மொழி தவறு என்று சொல்லாமலே எழுத்து மொழியைக் கற்பிக்க இதைவிட நல்ல வழியை நான் அறியேன்.

திருத்துவதில் ஒரு வாரத்துக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் ‘பானைய’ என்பதைப் ‘பானையை’ ஆக்கும் இரண்டாம் வேற்றுமை உருபு, அடுத்த வாரம் ர, ற வேறுபாடு, அதன்பின் வல்லினம் மிகும் இடங்கள் என்று போகலாம். மற்றப் பிழைகளை உங்கள் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதியதில் ஒரு பத்தியை மட்டும் மறுபடி எழுதச் சொன்னால் போதும். எழுதியதை வகுப்பில் உரக்க வாசிக்க ஒரு நாளை ஒதுக்குங்கள். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் நான்கு வரி தானே நீளும்.

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பு. பள்ளியில் நாவல் வாசிக்கிறார்களாம். பாடம் பின்தங்கிவிடாதா? வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்?
— ஒரு தாய், திருவள்ளூர்

பதில்: வாரத்தில் இரண்டு முறை கால் மணி நேரம் வாசிப்பதால் பாடம் பின்தங்காது, புரிந்து படிக்கப் பழகிய குழந்தை அறிவியல் பாடத்தையும் கணக்கில் வரும் வாக்கியத்தையும் கூடத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளும். உங்கள் கவலையில் நியாயமான ஒரு பகுதியும் உண்டு: நாவல் மட்டும் போதாது. நான்காம் வகுப்புக் குழந்தைகளின் வாசிப்பை 2001 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பல நாடுகளில் அளவிட்டுவரும் பிர்ல்ஸ் என்னும் ஆய்வு, கதைக்கும் தகவல் கட்டுரைக்கும் சம இடம் கொடுக்கிறது. பறவைகளைப் பற்றியோ விண்வெளியைப் பற்றியோ அவன் விரும்பும் நூல்களும் வீட்டில் இருக்கட்டும். நாவலைப் பொறுத்தவரை அவனிடம் வினாக்கள் கேட்க வேண்டாம். ‘இன்று கதையில் என்ன நடந்தது?’ என்று மட்டும் கேட்டுவிட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை இடைமறிக்காமல் கேளுங்கள்.

கேள்வி: பாதி நாவலில் வகுப்புக்குச் சலிப்பு வந்துவிட்டால்?
— ஆசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: சலிப்பு இரண்டு மூன்று பேருக்கா, வகுப்பு முழுவதற்குமா என்று பாருங்கள். சிலருக்கு என்றால் அவர்களை அடுத்த அத்தியாயத்தில் பாத்திரங்களாகப் பேசவையுங்கள். அனைவருக்கும் என்றால் மெதுவாக நகரும் இரண்டு அத்தியாயங்களை நீங்களே வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, கதை சூடுபிடிக்கும் இடத்திலிருந்து வாசியுங்கள். அப்போதும் ஒட்டவில்லை என்றால் அந்த நூலை விட்டுவிடலாம்; ஆனால் விடுவதற்கு முன் எந்த இடத்தில் கதை கையைவிட்டுப் போனது என்று அவர்களிடமே கேட்டு ஒரு பத்தி எழுதவையுங்கள். அடுத்த நாவலுக்கு மூன்று நூல்களின் முதல் பக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். எது வேண்டும் என்று அவர்கள் கை தூக்கித் தேர்ந்தெடுக்கட்டும்.