தெரபி செலவுக்குக் காப்பீடு கிடைக்குமா?

கேள்வி: என் மகனுக்கு ஆட்டிசம். வாராவாரம் பேச்சுப் பயிற்சிக்கே பணம் கரைகிறது. எங்கள் பாலிசியில் கேட்டால், ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் தருவோம் என்கிறார்கள். அரசுத் திட்டம் ஏதும் உண்டா?

பதில்: இருக்கிறது. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் 'நிராமயா'வில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை காப்பீடு கிடைக்கும், அதில் வெளிநோயாளி சிகிச்சையும் தெரபியும் சேர்த்தி என்பதுதான் உங்களுக்கு முக்கியம் (தெரபிக்குத் தனி உச்சவரம்பு உண்டு, முழுத் தொகையையும் அதிலேயே எடுக்க முடியாது). சேருவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது, வயது வரம்பும் இல்லை. ஆனால் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நான்குக்கு மட்டும்தான். பார்வை, செவித்திறன் குறைபாடு மட்டும் உள்ள பிள்ளைகளை விட்டுவிட்டார்கள், எனக்கு அதில் வருத்தம்தான். ஊனச் சான்றிதழைத் தயாராக வையுங்கள். அப்புறம், மார்ச் 31-க்குள் புதுப்பிக்க மறக்காதீர்கள், நீங்கள் எந்த மாதம் சேர்ந்திருந்தாலும் அன்றோடு முடிந்துவிடும். தெரபி ரசீதில் பிள்ளையின் பெயரும் தேதியும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள்.