பாம்பு விஷம் உடலுக்குள் என்ன செய்கிறது? கேள்வி பதில்

முருகன்: டாக்டர், கட்டுவிரியன் கடித்த இடத்தில் வீக்கமும் இல்லை, வலியும் இல்லை. பிறகு ஏன் மூச்சு நிற்கிறது?

பதில்: அந்த விஷம் குறிவைப்பது நரம்பு தசையோடு சேரும் முனையை. நரம்பின் செய்தியைத் தசைக்குக் கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் அங்கே சுரந்தால்தான் தசை சுருங்கும். கட்டுவிரியன் விஷத்திலுள்ள பீட்டா பங்காரோடாக்சின் என்ற நச்சு அந்த முனையையே சிதைத்துவிடுகிறது. முதலில் இமை தொங்கும், பார்வை இரட்டையாகும், எச்சில் விழுங்க முடியாது, தலை நிற்காது. கடைசியில் உதரவிதானம் ஓய்ந்து மூச்சு நிற்கும். தரையில் படுத்தவர் விடிகாலையில் வயிற்றுவலி, வாந்தி என்று எழுந்தால் ‘அல்சர்’ என்று விட்டுவிடாதீர்கள், கட்டுவிரியன் கடியாக இருக்கலாம். மேலே பார்க்கச் சொல்லி இமையைக் கவனியுங்கள்.

கவிதா: நல்ல பாம்புக்கும் அதே நரம்பு விஷம்தானே?

பதில்: தாக்கும் இடம் வேறு. நல்ல பாம்பின் நச்சு தசைப் பக்கத்தில் அசிட்டைல்கோலினை வாங்கும் ஏற்பியை அடைக்கிறது. நரம்பு முனை பழுதாவதில்லை. அதனால் பெரியவர்களுக்கு அட்ரோபின் 0.6 மி.கி., பிறகு அசிட்டைல்கோலினைக் கூட்டும் நியோஸ்டிக்மின் 1.5 மி.கி. கொடுத்தால் பலருக்கு அரை மணி, ஒரு மணி நேரத்தில் இமை திறக்கும். கட்டுவிரியன் கடிக்கு இது பெரும்பாலும் பலிக்காது. முனை மறுபடி வளரும்வரை, பல நாள் ஆனாலும், வென்டிலேட்டர்தான் உயிரைக் காக்கும். நல்ல பாம்பு கடித்த இடத்தில் தசை கறுத்து அழுகவும் செய்யும். இறுக்கிக் கட்டினால் அந்த அழுகல் மோசமாகும்.

சரவணன்: கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவருக்கு டயாலிசிஸ் ஏன், டாக்டர்?

பதில்: அந்த விஷம் ரத்த உறைவுக் காரணிகள் 5, 10 இரண்டையும் தூண்டிவிடுகிறது. உடலெங்கும் நுண்ணிய ரத்தக்கட்டிகள் உருவாகி, ரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜன் என்ற புரதம் தீர்ந்துபோகிறது. அதன்பின் ஈறிலும் ஊசி குத்திய இடத்திலும் ரத்தம் நிற்காது. அதே ரத்தக்கட்டிகள் சிறுநீரகத்தை அடைக்கின்றன. நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிந்து ரத்த அழுத்தமும் இறங்குவதால் சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. ஒரு நாளில் பெரியவருக்குச் சிறுநீர் 400 மி.லி.க்குக் குறைந்தால் ஆபத்து. கண் வெள்ளையில் நீர் கோத்தாலோ காதடிச் சுரப்பி வீங்கினாலோ கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள். சிலருக்கு மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியும் பழுதாகி, மாதங்கள் கழித்துத் தீராத சோர்வாக வெளிப்படும். அதைக் கேட்டு விசாரிக்க வேண்டும், பலரும் கேட்பதில்லை.

ஜெயந்தி (செவிலியர்): ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனை சில நேரம் தப்பாக வருகிறதே, சார்?

பதில்: குழாயைப் பாருங்கள். புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, ஒரே ஒரு முறை சாய்க்க வேண்டும். ரத்தம் ஓடினால் உறையவில்லை. உறைதலைத் தொடங்கிவைப்பது கண்ணாடிப் பரப்பு. பிளாஸ்டிக் குழாயிலோ சோப்பு போட்டுக் கழுவிய குழாயிலோ நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கும்.

ரவி: குழந்தைக்கு விஷமுறிவு மருந்து குறைவாகப் போதுமா?

பதில்: போதாது. பாம்பு ஆளின் எடை பார்த்து விஷம் செலுத்துவதில்லை. பெரியவருக்குத் தொடக்கத்தில் 10 குப்பி என்றால் குழந்தைக்கும் அதே 10. மருந்தைக் கலக்கும் திரவத்தின் அளவு மட்டும் குறையும்.

அந்தோணி: கடல் பாம்பு கடித்தால்?

பதில்: பல்தடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் தசை வலிக்கும், விறைக்கும், தாடை திறக்காது. சிதைந்த தசையின் மயோகுளோபின் என்ற புரதம் கலந்து சிறுநீர் கறுந்தேநீர் நிறமாகும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். தசையிலிருந்து வெளியேறும் பொட்டாசியம் இதயத்தை நிறுத்தலாம் என்பதால் ஈ.சி.ஜி.யைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்குத்தான். கடல் பாம்புக்கு அதைக் கொடுத்துப் பயனில்லை. வலைக்குப் போனவர் இப்படி வலி என்றால், டயாலிசிஸும் வென்டிலேட்டரும் உள்ள மருத்துவமனைக்கே நேராகக் கொண்டுபோங்கள்.