கரப்பானோட ஜீன ஆஃப் பண்ண முடியுமா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

பூச்சிகள்ல ஆர்என்ஏஐ (ஆர்என்ஏவ வச்சு ஒரு ஜீன அடக்குற முறை) வச்சு லேப்ல வேலை பாக்குறேன், வந்த கேள்விக்கெல்லாம் வரிசையா பதில்.

கேள்வி: அக்கா, ஜீன் சைலன்சிங்னா டிஎன்ஏவையே மாத்திடுவீங்களா?

இல்லப்பா, டிஎன்ஏ பக்கமே போறதில்ல. புரோட்டீன் செய்யறதுக்கு ஜீன்லேந்து எம்ஆர்என்ஏன்னு ஒரு நகல் போகும்ல, அதத்தான் கிழிக்கிறோம். ரெட்டை இழை ஆர்என்ஏ செல்லுக்குள்ள போனா டைசர்ங்குற என்சைம் அத சின்னச் சின்னத் துண்டா நறுக்கும், அப்புறம் செல்லே அந்தத் துண்ட வச்சு, பொருந்துற நகலா தேடித் தேடி வெட்டும். 1998ல ஃபயர், மெல்லோன்னு ரெண்டு விஞ்ஞானிங்க ஒரு குட்டிப் புழுவுல இத காட்டுனாங்க, 2006ல நோபல் வந்துச்சு.

கேள்வி: அப்போ இன்னும் ஏன் கரப்பான் ஜெல் மாதிரி கடைல வரல?

இதான் எங்க தலைவலியே! ஜெர்மன் கரப்பானுக்கு ஊசில ஏத்துனா அவ்ளோ அழகா வேலை செய்யுது, ஆனா வீட்ல ஓடுற கரப்பான ஒவ்வொண்ணா புடிச்சு யாரு ஊசி போடுறது, தின்ன வச்சாதான் உண்டு, தின்னா குடல்ல இருக்குற நியூக்ளியேஸ் என்சைம் ஆர்என்ஏவ போற வழியிலயே கரைச்சிடுது. லிபோசோம்னு கொழுப்பு உறைக்குள்ள வச்சுக் குடுத்துப் பாத்தாங்க, கொஞ்சம் தாக்குப்புடிக்குது. அப்படியே உள்ள போனாலும் ஏற்கனவே உடம்புல இருக்குற புரோட்டீன் தீந்தாதான் ஆளு விழும், அதுக்கு நாளாகும். ஸ்ப்ரே அடிச்சதும் மல்லாக்கக் கவுந்தாதான் நம்மாளுங்களுக்கு திருப்தி 😄

வயல் பக்கம் வந்தாச்சு, உருளைக்கிழங்கு வண்டுக்கு அடிக்கிற ஆர்என்ஏ ஸ்ப்ரேக்கு 2023 டிசம்பர்ல அமெரிக்கால பெர்மிஷன் கெடச்சுது.

கேள்வி: மாவு வண்டு, கரையான், மூட்டைப்பூச்சி?

மாவு வண்டு லேப்ல எங்க செல்லம், ஒரு ஊசி போட்டா உடம்பு பூரா பரவும், முட்டைக்கும் போகும். கரையானுக்கு 2008லயே தின்னக் குடுத்து செல்லுலேஸ் ஜீன (மரத்த செரிக்கிற என்சைமோட ஜீன்) அடக்கியிருக்காங்க, அதுங்க ஒண்ணுக்கொண்ணு ஊட்டிக்குற ஜாதி வேற, அதனால எனக்கு அங்கதான் நம்பிக்கை ஜாஸ்தி. மூட்டைப்பூச்சி ரத்தத்தத் தவிர எதையும் தொடாது, அதுக்கு எதுல கலந்து வைக்கிறது?

கேள்வி: மேடம், குழந்த வாயில வச்சுட்டா?

நாம தின்னுற எல்லாத்துலயும் ஆர்என்ஏ இருக்குங்க, வயித்துலயே செரிச்சிடும். அந்தப் பூச்சியோட ஜீன்ல இருக்குற எழுத்து வரிசைக்கு மட்டும் பொருந்துற மாதிரிதான் டிசைனும் பண்றோம். அதுக்காக எந்த மருந்தயும் கைக்கு எட்டுற மாதிரி வைக்காதீங்க, ஜெல்லுல வேற என்னென்னவோ கலந்திருக்கும்.

கேள்வி: இதுக்கும் பழகிடாதா?

பழகும். மக்காச்சோள வேர்ப்புழுவுல பாத்தாச்சு, குடல் செல்லு ஆர்என்ஏவ உள்ள இழுக்குறதையே நிறுத்திடுச்சு. கதவையே சாத்திட்டா வேற ஜீன குறிவச்சும் பிரயோஜனமில்ல.