பழைய வீட்டுச் சமையலறை: பணம் எங்கே போகிறது?

கேள்வி: கும்பகோணத்தில் 1970களில் கட்டிய வீடு. பத்துக்கு எட்டு சமையலறை. மாடுலர் கிச்சன் போட மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் சொன்னதற்கும் இன்னொருவர் சொன்னதற்கும் இரண்டு மடங்கு வித்தியாசம். யாரை நம்புவது?

மூவரும் ஒரே வேலைக்கு விலை சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டு தாள்களாகத் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். உடைப்பது, பூச்சு, குழாய், ஒயரிங், தரை, டைல்ஸ் ஒரு தாளில். அலமாரி வேலை இன்னொரு தாளில்.

அலமாரியை முகப்பின் சதுர அடிக் கணக்கில்தான் பெரும்பாலும் போடுவார்கள். மேடைக்குக் கீழே 10 அடி நீளம், இரண்டேமுக்கால் அடி உயரம் என்றால் 27.5 சதுர அடி. மேலே 2 அடி உயரத்தில் இன்னொரு வரிசை வைத்தால் 20. ஆக 47.5. சதுர அடி 1,500 ரூபாய் என்று சொன்னால் 71,250 ரூபாய். இதைக் கேட்டதும் பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் இழுப்பறை, கூடை, கிரானைட், சிங்க், சிம்னி இதற்குள் அடங்குமா? கிரானைட்டில் சிங்க்குக்கு வெட்டுவதும் ஓரம் உருட்டுவதும் தனிக் கூலியா? ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா? கேட்டு எழுதி வாங்குங்கள். கடைசி பில்லில் அதிர்ச்சி வருவது இங்கேதான்.

முதல் தாள்தான் எனக்குக் கவலை. அந்தக் காலத்து ஜி.ஐ. குழாயை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை, அறுத்துப் பார்த்தால் உள்ளே துரு அடையடையாகப் படிந்திருக்கும். அரை அங்குலக் குழாயில் ஒரு பென்சில் நுழையக்கூட வழி இருக்காது. ஒரு இடத்தில் கழற்றினால் அடுத்த மரை உடையும். அதனால் பாதியை மட்டும் மாற்றுவது வீண். சமையலறை வரை முழுக்க சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய் போட்டுவிடுங்கள். முதல் தாளின் தொகையில் ஐந்தில் ஒரு பங்கைக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். பணம் போதவில்லையா? அலமாரியைத் தள்ளிப் போடுங்கள், குழாயைத் தள்ளிப் போடாதீர்கள். கதவில்லாத அலமாரியோடு நிம்மதியாகச் சமைக்கலாம். டைல்ஸ் ஒட்டிய பிறகு சுவருக்குள் கசிந்தால் அத்தனையும் திரும்ப உடைபடும்.

கேள்வி: சுண்ணாம்புக் காரைச் சுவர். கீழே உப்பு பூத்து உதிர்கிறது. சிமென்ட் பூசி, மேலே வரை டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார் கொத்தனார்.

வேண்டாம். முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். குழாய் போகும் இடத்தில் மட்டும் திட்டாக இருந்தால் கசிவு. சுவர் நெடுகத் தரையிலிருந்து இரண்டு, மூன்று அடிக்கு ஒரே மாதிரி இருந்தால் மண்ணிலிருந்து ஏறும் ஈரம். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே ஆவியாக விட்டுவிடும். சிமென்ட்டும் டைல்ஸும் வழியை அடைத்தால் ஈரம் இன்னும் உயரம் ஏறும், அல்லது பின்பக்கத்து அறையில் போய் பூக்கும்.

உதிர்ந்த காரையைக் கொத்தி எடுத்து, உப்பைத் தண்ணீர் விடாமல் பிரஷ்ஷால் தேய்த்துத் தள்ளி, நன்றாகக் காயவிட்டு, மறுபடி சுண்ணாம்பே பூசுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுவது சிரமம், கூலியும் கூடலாம். ஆனால் மேடைக்கு மேலே இரண்டு அடிக்கு மட்டும் டைல்ஸ் ஒட்டினால் போதும் என்பதால் அங்கே மிச்சமாகும்.

கேள்வி: இண்டக்‌ஷன் அடுப்பும் மிக்ஸியும் சேர்ந்து ஓடினால் எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழுகிறது. பெரிய எம்.சி.பி. மாட்டினால் சரியாகிவிடும் என்கிறார் எலக்ட்ரீஷியன்.

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை. ஒயர் மெல்லியதாகவே இருக்க எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால், அது விழாது. சுவருக்குள் ஒயர் சூடேறும். 2,000 வாட் இண்டக்‌ஷன் ஒன்றே ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். போர்டிலிருந்து அதற்குத் தனியாக 4 சதுர மி.மீ. தாமிர ஒயர், மிக்ஸி, கிரைண்டருக்கு 2.5 சதுர மி.மீ. இழுக்கச் சொல்லுங்கள். பழைய வீடுகள் பலவற்றில் சமையலறைக்கு எர்த் ஒயரே வந்திருக்காது. அதையும் பார்த்து, மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போடுங்கள். ஈரக் கையோடு புழங்கும் இடம் அது. எல்லாம் டைல்ஸுக்கு முன்பே முடிய வேண்டும்.

கேள்வி: சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே உள்ள சுவரை எடுத்துவிடலாமா?

மெட்ராஸ் டெரஸ் கூரையின் (மர உத்தரங்கள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய கூரை) உத்தரங்கள் அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்தால், சுவரைத் தொடும் முன் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நேரில் வந்து பார்க்க வேண்டும். அவருக்குக் கொடுக்கும் பணத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கேள்வி: மேடைக்குக் கீழே உள்ள கடப்பாக்கல் தட்டுகளை எடுக்கக் கூடாது என்கிறார் மாமியார். எனக்கோ புது கிச்சன் வேண்டும்.

உங்கள் மாமியார் பக்கம்தான் நான். கடப்பாக்கல்லைக் கரையான் அரிக்காது, தண்ணீரில் ஊறி உப்பாது. தட்டுகள் அசையாமல் இருந்தால் அலுமினிய ஃபிரேம் கதவு மட்டும் மாட்டுங்கள். உள்பெட்டி செய்யும் செலவு முழுக்க மிச்சம். பிளைவுட்தான் வேண்டுமென்றால் பலகையில் ஐ.எஸ். 710 (தண்ணீர் தாங்கும் பிளைவுட்டுக்கான தரம்) முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். சிங்க்குக்குக் கீழே, மரநாரையும் மரத்தூளையும் அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்., பார்ட்டிக்கிள் போர்டு இரண்டும் கூடவே கூடாது.

பழைய தட்டுகள் மட்டத்துக்கு இருக்காது. ஒவ்வொரு கட்டத்தையும் மேலே, கீழே, இரண்டு பக்கமும் அளந்த பிறகே கதவு செய்யக் கொடுங்கள். மேடை தாழ்வாக இருந்து இடுப்பு வலிக்கிறதா? பழைய கல் உறுதியாக இருந்தால் அதன் மேலேயே கிரானைட் பதிக்கலாம். கலவையோடு சேர்த்து ஒன்றரை அங்குலம் உயரும். ஜன்னல் கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால் அது இடிக்காதா என்று மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.